அரை அரிசிப் பிள்ளைகள்

எனக்கு உரக்கப் பேச வராது. இன்றைக்கும் வராது. தெருவில் காய்க்காரன் போனால் நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். அப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் காலையில் இருபத்துநாலு பெண் பிள்ளைகளுக்கு ட்ரில் சொல்லிக்கொடு என்றார்கள். பத்து மணிக்கு மேல் ரேஷன் ஆபீசில் உட்கார்ந்து கூட்டத்தைச் சமாளி என்றும் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் என்மேல் ஒரே குறைதான்: "இந்தம்மா பேசறது காதுலயே வுழறதில்ல."

யுத்தம் நடந்த வருஷங்கள் அவை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். வீட்டில் நானும் மாமியாரும்தான். பாலக்கோட்டுக்குப் போகிற ரோட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும், அதுவும் மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு இரண்டு மரக்குண்டு கொடுத்து, தூக்கு இறக்கு என்று பழக்குவாள். மற்ற பாடங்களை விட எனக்கு அதுதான் பிடித்தது. வரிசையில் நின்றால் யாரும் என்னைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அதனால்.

எங்கள் ஊர் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எனக்குப் பக்கத்து வீடு. பெண் பிள்ளைகளுக்கும் தேகப்பயிற்சி வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது அவருக்கு என் ஞாபகம் வந்துவிட்டது.

"டீச்சருங்க, எனக்குச் சத்தமே வராதுங்க" என்றேன்.

"தெரியும். மூணு வருசமாப் பக்கத்துல குடியிருக்கறேன், உங்கொரலு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தகர விசிலை எடுத்து என் கையில் வைத்தார். "வாய் வாணாம். இத ஊது."

அந்த விசில்தான் எனக்கு வாய் ஆயிற்று. நீளமாக ஒரு ஊதல் என்றால் ஓடிவந்து உயரப்படி நிற்க வேண்டும், குட்டைப் பிள்ளை முன்னால், நெட்டைப் பிள்ளை பின்னால். சின்னதாக இரண்டு என்றால் கையை நீட்டி இடைவெளி விட வேண்டும். ஒன்று என்றால் கை மேலே. மூன்று என்றால் குதிக்க வேண்டும். ஒரே வாரத்தில் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். என் ஆயுசில் நான் சொன்னதை உடனே செய்தவர்கள் அந்த இருபத்துநாலு பேர்தான். சொல்லப்போனால் நான் சொல்லக்கூட இல்லை.

ரேஷன் ஆபீஸ் வேலை வந்தது வேறு வழியாக. வீடு வீடாகப் போய் ஆள் கணக்கு எடுத்துக் கார்டு எழுத வேண்டும். ஆண் குமாஸ்தா போய் நின்றால் பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து "வூட்ல ஆம்பளைங்க இல்ல" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். அதனால் எழுதத் தெரிந்த பொம்பிளை ஒருத்தி வேண்டும் என்றார்கள். எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அகப்பட்டேன். "டெம்பரவரிதாம்மா, மூணே மாசம்" என்றார் தலைமைக் குமாஸ்தா. மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் என்று காகிதம் வரும். இந்த வாரம் இருப்பேனா, அடுத்த வாரம் இருப்பேனா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து வேலை அப்படியில்லை, நிலைத்துவிட்டால் கடைசிவரைக்கும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இரண்டையும் இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

எட்டு மணிக்கு ட்ரில். ரயில் பாதையைப் பெயர்த்து இரும்பை யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, அந்த மேட்டுக்குக் கீழே ரோட்டோரமாக இருந்த வெறும் தரைதான் மைதானம். ஒன்பதரைக்கு முடிந்தால் ஒரு மைல் தள்ளிப் பழைய சத்திரத்தில் ஆபீஸ். முழங்கால் வரை செம்மண்ணோடு போய் நிற்பேன்.

"என்னம்மா, ஓடி வந்தீங்களா?" என்பார் தலைமைக் குமாஸ்தா.

"இல்லீங்க, நடந்துதாங்க."

"அப்பறம் ஏன் மூச்சு இந்த வாங்கு வாங்குது?"

அங்கே இப்படி என்றால் பள்ளிக்கூடத்தில் என் விரலைப் பார்த்து, "கார்டு மையெல்லாம் விசில்ல ஒட்டிக்கும், கழுவிட்டு ஊது" என்பார் பெரிய டீச்சர். ஆபீசில் எனக்கு 'ட்ரில்லம்மா' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் 'ரேஷனம்மா'. ஒரு இடத்திலாவது அந்த இடத்து ஆளாக என்னை வைத்துக்கொண்டார்களா என்றால் இல்லை.

மாமியார் இருக்கிறாரே, அவர் பங்குக்கு அவர். "காலைல எகிறிக் குதிக்கறா, மத்தியானம் ஊரு வயசையெல்லாம் எழுதறா. வூட்டுக்கு வந்தா மட்டும் களி கிண்டக் கை வலிக்குதாம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவார். அடுப்புக்குத்தான் சொல்வது போல இருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வயசு விஷயம்.

ரேஷனில் பன்னிரண்டு வயசு முடிந்தவர்களுக்கு முழு அளவு அரிசி. அதற்குக் கீழே என்றால் பாதி. இது தெரிந்ததும் எங்கள் ஊரில் ஒரு வாரத்தில் பிள்ளைகளே இல்லாமல் போய்விட்டார்கள். போகிற வீட்டிலெல்லாம் பெரியவர்கள்தான். சில வீட்டில் வயசு கேட்டால் அதுவரை தமிழில் பேசினவர்கள் "கொத்தில்ல" என்று கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். தெரியாதாம். பெற்றவளுக்குத் தெரியாதாம்.

செக்கு ஆட்டுகிறவர் வீட்டு அக்காவிடம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். அவர் பெண் என் ட்ரில் வரிசையில் முதலாவதாக நிற்கிற பிள்ளை. முதலாவது என்றால் எல்லாரையும் விடக் குட்டை. ஆனால் விசில் வாயிலிருந்து எடுப்பதற்குள் கை மேலே போய்விடும். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். அன்றைக்குக் காலையில்தான் அது விழுந்த பல்லை என்னிடம் உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருந்தது. மத்தியானம் கார்டுக்காகப் போனால், அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"பாப்பாவுக்கு என்ன வயசுங்கக்கா?"

"பன்னண்டு முடிஞ்சி பதிமூணு நடக்குது."

"மூணாங்கிளாசு படிக்குதுங்களே."

"படிப்பு மந்தம்."

"பல்லு இப்பத்தான் வுழுந்து மொளைக்குதுங்களே அக்கா."

"எங்க வமுசத்துலயே பல்லு தாமசமாத்தான் வரும். அவங்கப்பனுக்கு நாப்பது வயசுல ஒரு பல்லு மொளைச்சுது. எழுது கண்ணு, வெயில்ல நிக்கறியே."

வேறொருத்தியாக இருந்தால் எதிர்த்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். எனக்கு நாக்கு எழும்பவில்லை. வீட்டார் சொல்வதை எழுது என்றுதான் தலைமைக் குமாஸ்தாவும் சொல்லியிருந்தார். எழுதினேன். அந்த வாரம் என் ட்ரில் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் கையாலேயே பன்னிரண்டு முடிந்துவிட்டது. பெரிய டீச்சரிடம் சொன்னபோது, "அப்ப என் பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளையே இல்ல. கதவச் சாத்திட்டு நானும் குதிக்க வந்துடறேன்" என்றார்.

சிரித்த அதே வாயால்தான் அவர் அடுத்த சேதியையும் சொன்னார். பள்ளிக்கூடம் பார்க்க இன்ஸ்பெக்டரம்மா வருகிறார். இன்னும் மூன்று வாரம். ட்ரில்லுக்கு இருபது பிள்ளைகளாவது நின்றால் வகுப்பு தொடரும், என் வேலையும் நிலைக்கும். இருபதுக்குக் குறைந்தால் ட்ரில்லை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் தையல் வைக்கச் சொல்லி உத்தரவு. எனக்கு என்ன கவலை, இருபத்துநாலு இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து ரேஷன் ஆபீசுக்குப் புது சப்ளை ஆபீசர் வந்தார். நான் எழுதின கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல யாருக்கும் கொழந்தையே பொறக்கலியா?" என்று கேட்டார். தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பன்னிரண்டு முடிந்ததாக எழுதின பிள்ளைகளை எல்லாம் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நேரில் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்று தமுக்கடிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ட்ரில்லுக்கு ஒரு பிள்ளை கூட வரவில்லை. ஏன் என்று ஆபீசுக்குப் போனதும் தெரிந்துவிட்டது.

சத்திரத்து வாசலில் என் இருபத்துநாலு பிள்ளைகளும் தாவணி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அம்மாவின் புடவையை மடித்துத் தாவணியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். கொண்டை போட்டுப் பூ வைத்து, பெரியவர்கள் செருப்பைக் காலில் மாட்டிவிட்டிருந்தார்கள். செருப்பு ஒரு பக்கம் போகிறது, பிள்ளை ஒரு பக்கம் போகிறது. செக்கு வீட்டுப் பிள்ளையைத் துணிக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "சிரிக்காதடி, பல்லு தெரியுது" என்று அதன் அம்மா காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகளை அந்தக் கோலத்தில் கடைவீதி வழியாக அல்லவா நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்கள்! சந்தைக்கு வந்திருந்த செக்கு வீட்டு அக்காவின் தம்பி அதைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை தாவணி போடுகிறதென்றால் பெரியவளாகிச் சடங்கு முடிந்துவிட்டதென்று அர்த்தம். அந்தச் சடங்குக்குத் தாய்மாமன்தான் பச்சைக் கீற்று வெட்டி வந்து குடிசை கட்ட வேண்டும், சீர் கொண்டுவர வேண்டும். மாமனுக்குச் சொல்லாமல் சடங்கு செய்தால் உறவை வெட்டிப் போட்டதாகத்தான் கணக்கு.

அவர் சத்திரத்து வாசலுக்கே வந்துவிட்டார். மாட்டுத் தும்புக் கயிறு தோளில் கிடந்தது.

"ஏங்க்கா, நான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஏண்டா, காலங்காத்தால என்னா பேச்சு இது?"

"என்னக் கேக்காம எவங்கிட்டக் கீத்து வாங்குனீங்க? எங்காட்டுல தென்ன மரம் இல்லியா?"

"அய்ய, இது அதுக்கில்லடா. அரிசிக்கு."

"அரிசிக்குச் சடங்கா? எந்த ஊரு வழக்கம் இது?"

அக்காவால் உரக்க விளக்கம் சொல்லவும் முடியாது, பக்கத்திலேயே ஆபீசர் நிற்கிறார். அதற்குள் கூட்டம் நெருக்கிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் கத்துகிறார்கள். ஆபீசர் "வரிசை, வரிசை" என்று கத்தினார். தலைமைக் குமாஸ்தா என்னிடம், "ஏம்மா, நீங்கதான் வரிசையா நிறுத்தறவங்களாச்சே, நிறுத்துங்க" என்றார். நான் "வரிசையா வாங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. யாரோ தள்ளிவிட்டதில் மைக்கூடு கவிழ்ந்து முதல் நாள் எழுதின பதினைந்து கார்டும் நனைந்தது. எனக்கு வந்த எரிச்சலில் என்ன செய்கிறேன் என்றே யோசிக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த விசிலை எடுத்து நீளமாக ஊதிவிட்டேன்.

ஊதின பிறகுதான் நினைவு வந்தது. என்ன பிரயோஜனம்?

தாவணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை அங்கங்கே உதறிவிட்டு, இருபத்துநாலும் ஓடி வந்து உயரப்படி நின்றுவிட்டார்கள். குட்டைப் பிள்ளை முன்னால், நெட்டைப் பிள்ளை பின்னால். முதலாவதாகச் செக்கு வீட்டுப் பிள்ளை. அதன் கொண்டை அவிழ்ந்து, தாவணி தரையில் கிடக்கிறது. அடுத்து இரண்டு ஊதல்தான் வரும் என்று நினைத்துத் தானாகவே கையை நீட்டி இடைவெளி வேறு விட்டது. மற்றவர்களும் விட்டார்கள். கத்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீசர் வரிசையின் நீளத்துக்கும் நடந்து பார்த்தார். முதல் பிள்ளையின் தலை அவர் இடுப்பு வாருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"பன்னெண்டு முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அது தேர்ந்த ட்ரில் பிள்ளை. நேராகப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க, ஒம்பது" என்றது. அடுத்தது "எட்டுங்க" என்றது. அப்படியே வரிசையாக வயசு சொல்லிக்கொண்டே போனார்கள். நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. யாரை நோவது?

ஆபீசர் சிரிக்கவில்லை. எல்லாக் கார்டையும் திருத்தி அரை அளவு போடச் சொன்னார். யார் எழுதினதோ அவர்களே திருத்த வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து இருபத்துநாலு பிள்ளைகளின் முழு அரிசியையும் நானே அடித்து அரையாக எழுதினேன்.

திங்கட்கிழமை ட்ரில்லுக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா வர இரண்டு வாரம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூப்பிட நீங்கள் போங்கள் என்றால் பெரிய டீச்சர் மாட்டேன் என்றுவிட்டார். "நான் போயிக் கூப்பிட்டா படிப்புக்கும் அனுப்ப மாட்டாங்க. நீயே போ" என்றார். எனக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவதே மலையேறுகிற மாதிரி. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். செக்கு வீட்டு அக்கா மட்டும் உட்காரச் சொல்லி, குடிக்க மோரும் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, மத்தியானம் எம்புள்ளைக்கு அரை அரிசின்னு எழுதற. காத்தால வந்து குதி குதின்னு ஊதற. அரை வயித்தோட எப்பிடிக் குதிக்கும்னு ஒரு நாளாச்சும் நெனச்சியா?"

மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அடுப்பிடம்தான் பதில் சொல்லுவார் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்து, "கேட்டதுல என்னா தப்பு?" என்றார். தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். பொய் எழுதினபோதும் நான்தான் குற்றவாளி, நிஜம் எழுதினபோதும் நான்தான். அதற்கப்புறம் மூன்று ஊதலைக் குறைத்துக்கொண்டேன். வந்த ஐந்து பேரையும் அதிகம் குதிக்கவிடாமல் கையை மட்டும் தூக்க வைத்தேன்.

பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்தது என் சாமர்த்தியம் இல்லை. தாய்மாமன்கள்.

கடைவீதியில் தாவணியைப் பார்த்தது செக்கு வீட்டு அக்காவின் தம்பி ஒருத்தர் மட்டுமா? சந்தை நாள் அல்லவா. காரிமங்கலம், மாரண்டஹள்ளி என்று சுற்றி இருக்கிற ஊருக்கெல்லாம் சேதி போய்விட்டது. ஒவ்வொரு மாமனாக வர ஆரம்பித்தார்கள். ஒருத்தர் சண்டைக்கு வந்தார். ஒருத்தர் அழுதார். ஒருத்தர், தனக்குச் சொல்லாவிட்டாலும் செய்கிறதைச் செய்வேன் என்று வண்டி நிறையப் பச்சைக் கீற்றோடு வந்து இறங்கிவிட்டார். பிள்ளை சின்னதுதான், அரிசிக்காகக் கட்டினோம் என்று சொன்னால் எவரும் நம்பவில்லை. சர்க்கார் ஆபீசுக்கே தாவணியோடு போனார்களாம், சும்மாவா போவார்கள் என்கிறார்கள்.

ஒரு நாள் ஆபீசில் செக்கு வீட்டு அக்கா என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"கண்ணு, அந்தக் கார்டுல ஒம்பதுன்னு போட்டிருக்கியே, எந்தம்பிக்குப் படிச்சிக் காட்டு."

தம்பி பின்னால் நின்றார். நான் படித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி படித்தேன்.

"அந்தம்மா எழுதுனதுதான? முன்ன பன்னண்டுன்னு எழுதுனதும் அந்தம்மாதான?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. "அண்ணா, காத்தால எட்டு மணிக்கு ரயில் மேட்டுக்கிட்ட வந்து பாருங்க. சமைஞ்ச புள்ளைய ரோட்டோரம் குதிக்க வுடுவாங்களா?" என்றேன். நான் ஒரே மூச்சில் பேசின நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் யோசித்தார். அக்கா என்னையே பார்த்தார்.

மறுநாள் எட்டு மணிக்குச் செக்கு வீட்டுப் பிள்ளை பாவாடை சட்டையோடு வந்து முதலாவதாக நின்றது. மேட்டின்மேல் அதன் மாமன் குந்தியிருந்தார். விஷயம் தெரிந்ததும் மற்ற அம்மாக்களும் ஒவ்வொருத்தராகக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு, "நல்லா எல்லாருக்கும் தெரியற மாதிரி குதி" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் மடியில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்தார்கள். யார் சொல்லிக் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பத்து, பதினாலு, பதினேழு. இன்ஸ்பெக்டரம்மா வருவதற்கு முன் நாள் பத்தொன்பது. இன்னும் ஒன்று வேண்டும். மீதி ஐந்து வீட்டில் மாமன்களே இல்லையாம்!

இன்ஸ்பெக்டரம்மா காலையில் வருவார் என்று பார்த்தால், பதினொரு மணிக்கு என்று மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு ஆபீசில் கார்டு கொடுக்கிற நாள். தலைமைக் குமாஸ்தாவிடம் போய் நின்றேன்.

"டெம்பரவரி ஆளுக்கு லீவு கெடையாதும்மா. போறதுன்னா போங்க. அப்பறம் வர வேணாம்."

போய் உட்கார்ந்து நாலு கார்டு எழுதினேன். பத்தேமுக்காலுக்கு எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேங்க" என்றேன். பின்பக்கமாக இறங்கி ஓடினேன். ஒரு மைலும் ஓட்டம்தான். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நடந்தேன் என்று பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

மைதானத்தில் வெயில் கொளுத்துகிறது. மேட்டின்மேல் மாமன்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள். இன்ஸ்பெக்டரம்மா குடையோடு நாற்காலியில். பெரிய டீச்சர் என்னிடம் உதடு அசையாமல், "பத்தொம்பது" என்றார்.

நான் நீளமாக ஊதினேன். பிள்ளைகள் ஓடி வந்து நின்றார்கள். குட்டை முன்னால், நெட்டை பின்னால். நான் என்ன நினைத்தேனோ தெரியாது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசிலை வாயில் வைத்தபடியே போய் எல்லோருக்கும் கடைசியாக, நெட்டைப் பிள்ளைக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அங்கிருந்தே ஊதினேன். இரண்டு. ஒன்று. மூன்று. பிள்ளைகளோடு நானும் கையைத் தூக்கினேன், நானும் குதித்தேன். ஊர் பார்க்கிறது, மாமன்கள் பார்க்கிறார்கள், மாமியாருக்குச் சேதி போகத்தான் போகிறது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. வரிசை முதலில் செக்கு வீட்டுப் பிள்ளையின் கை மேலே போகிறதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். கடைசியில் என்னிடம் வந்து விரல் நின்றது.

"அந்தக் கடைசிப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"ரேஷன் கார்டப் பாத்துத்தாங்க சொல்லணும்" என்றார் பெரிய டீச்சர்.

இன்ஸ்பெக்டரம்மா குடைக்கடியிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். இருபது. அதற்குக் கீழே, ஆசிரியையின் குரல் கேட்கவில்லை என்றும் எழுதிவிட்டுத்தான் போனார்.

திரும்ப ஆபீசுக்குப் போனபோது ஒன்றரை மணி. தலைமைக் குமாஸ்தா தலை தூக்காமலே கேட்டார். "தண்ணி ஒகேனக்கல்லுக்குப் போயிக் குடிச்சிட்டு வரீங்களா?" அவ்வளவுதான். கார்டுக்கட்டை என் பக்கம் தள்ளினார். என்னை அனுப்பிவிட்டால் வீட்டுக்குள் போய்ப் பேச வேறு ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் இன்னும் மூன்று மாதம் என்று காகிதம் வந்தது. யுத்தம் முடிந்து, வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. டெம்பரவரி என்று சொன்ன வேலைதான் போகவே மாட்டேன் என்றது. நான் செம்மண்ணோடு ஓடுவதும் நிற்கவில்லை.

மாமன்கள் சமாதானமாகிப் போனார்கள். கீற்றோடு வந்தவர் அதைப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் ஆகவில்லை, செக்கு வீட்டு அக்கா என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"கண்ணு, எந்தம்பி போயிட்டான். இனிமே பன்னண்டுன்னே போட்டுரு."

"அக்கா," என்றேன்.

"சரி, பதினொன்னாச்சும் போடு."

"பதினொன்னுக்கும் அரைதாங்கக்கா."

"அப்ப என்னாத்துக்கு ஒரு வயசு கூட்டறது, வுடு" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்து கேட்டார். மாதம் தவறாமல் நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளை காலையில் மடியில் வேர்க்கடலையோடு வந்து கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. முதலாவது இடத்திலிருந்து நாலாவது, பிறகு ஒன்பதாவது என்று பின்னால் பின்னால் போனது.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் அக்கா வந்து எதுவும் கேட்காமல் நின்றார். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரிலிருந்து பெரிய டீச்சர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டினார். நிஜமாகவே பன்னிரண்டு முடிந்திருந்தது. நான் அரையை அடித்துவிட்டு முழு அளவு எழுதினேன். பொய்யில்லாமல் அந்தக் கார்டில் நான் எழுதின முதல் பன்னிரண்டு அது. அக்கா கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை நீளமாக ஊதினேன். எல்லோரும் ஓடி வந்து நின்றார்கள். கடைசியில், நெட்டைப் பிள்ளைகள் பக்கம், செக்கு வீட்டுப் பிள்ளை நிற்கிற இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு முடிந்த பெண்ணை யார் குதிக்க அனுப்புவார்கள்? இரண்டு சின்ன ஊதல் கொடுத்தேன். பிள்ளைகள் கையை நீட்டி இடைவெளி விட்டார்கள். அந்தக் காலி இடமும் அதில் நிரம்பிப்போயிற்று.